நாலு பத்துக்கு மூடும் திரை

நாலு பத்துக்கு ஹால் திரைச்சீலை தானாக மூடிக்கொண்டது.

தானாக மூடிக்கொள்ளத்தான் அதற்கு அவர் மோட்டார் வைத்திருந்தார், அதில் தப்பில்லை. ஆனால் ஏழு மணிக்கு மூடு என்றல்லவா சொல்லி வைத்திருந்தார்? வெளியே வெயில் இன்னும் மஞ்சளாகக்கூட மாறவில்லை. எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட போர்வை அப்படியே கிடந்தது. டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நிற்க, திரை இரண்டு பக்கத்திலிருந்தும் சரசரவென்று வந்து, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு நின்று, ஏதோ யோசித்ததுபோல இன்னும் கொஞ்சம் நகர்ந்து, அந்த வெளிச்சக் கோட்டையும் விழுங்கியது.

"தூங்கிக்கிட்டே செட் பண்ணியிருப்பான் பாரு," என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, திரைக்கு வைத்த நேரத்தைப் போனில் பார்த்தார். ஏழு மணி என்றுதான் இருந்தது. திரையைத் திறந்துவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தார்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் வேறு. தொழிலில் அவரை எல்லோரும் வயர்லெஸ் என்பார்கள். பதினைந்து வருஷம் உளியும் சுத்தியலுமாக ஊரார் சுவரைக் கொத்தி ஒயர் பதித்தவர், ஒருநாள் அதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, "சுவத்தைத் தொட மாட்டேன், தூசி கிளப்ப மாட்டேன், உங்க வீடு உங்க பேச்சைக் கேக்கும்" என்று வீடு வீடாகத் தானியங்கி விளக்கும் பூட்டும் மாட்டிக் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் சொந்த வீட்டில் மட்டும் எட்டு வருஷமாக எல்லாம் கையால்தான். குளியலறை விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது. நாளைக்குப் பார்க்கிறேன் என்று அவரும் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இருட்டில்தான் மனைவி வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

குற்ற உணர்ச்சியில் மனிதன் என்னென்னவோ செய்வான். வயர்லெஸ் ஒரே வாரத்தில் வீடு முழுக்கக் கருவி மாட்டினார். படுத்த இடத்திலிருந்தே அவள் விளக்குப் போடலாம், காற்றாடியைச் சுற்றவிடலாம், வாசல் கதவைத் திறக்கலாம். அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: கண்ணும் கூடாது, காதும் கூடாது. கேமராவும் வேண்டாம், பேசினால் பதில் சொல்லும் பெட்டியும் வேண்டாம். அதற்காகவே தேடித் தேடித் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரைத் தேர்ந்தெடுத்தார். அது பார்க்காது, கேட்காது. அறைக்குள் அலையை அனுப்பி, மூச்சில் நெஞ்சு ஏறி இறங்குவதை வைத்து, இங்கே எத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் சொல்லும். பூட்டுக்குச் சாவித் துவாரமே கிடையாது. வழவழவென்று கறுப்புப் பலகை, உள்ளே பேட்டரி. இவற்றையெல்லாம் மேய்க்கும் ஹப் என்கிற தலைமைப் பெட்டி மட்டும் புதிதில்லை. ஒரு வீட்டிலிருந்து கழற்றி வந்தது, ஒரு வருஷமாக அவருடைய வேலைப் பையிலேயே கிடந்தது. அந்தப் பூட்டோடு அவ்வளவு ஒற்றுமையாகப் போகும் பெட்டி வேறில்லை. பின்னால் இருந்த ஊசித்துளையில் குத்தி, விளக்கு மூன்று முறை மினுக்கும்வரை பிடித்திருந்து, பழைய ஞாபகமெல்லாம் போயிற்று என்று நம்பிக்கொண்டார்.

மனைவியின் போனை இணைத்தபோது அது அவளுக்குத் தானாகவே 'மேடம்' என்று பெயர் வைத்தது. "பரவாயில்லையே, இந்த வீட்டுல ஒருத்தராவது என்னை மேடம்னு கூப்பிடறாங்க," என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாக.

மறுநாள் நாலு மணியிலிருந்தே வயர்லெஸ் ஹாலில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மனைவி படுக்கையறையில் தலையணைமேல் காலை ஏற்றிவைத்து ஏதோ வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது. நாலு பத்து. திரை சரசரத்தது. அவர் தொடாத ஹால் விளக்கு, அவர் ஒருநாளும் வைத்திராத மங்கல் மஞ்சளில் எரிந்தது. ஹாலுக்கும் வாசல் கதவுக்கும் நடுவே இருந்த ஆறடி நடையிலிருந்து, தாழ் உள்ளே நுழைந்து உட்காரும் அந்த எண்ணெய் போட்ட 'ளக்' சத்தம் வந்தது.

போனைப் பார்த்தார்.

படுக்கையறை: ஒருவர். ஹால்: ஒருவர். வாசல் நடை: ஒருவர்.

இந்த மாதிரி சென்சார் பொய் சொல்லும் என்று வாடிக்கையாளர்களுக்கு அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். காற்றாடியில் ஆடும் துணியைக்கூட ஆள் என்று எண்ணும். காற்றாடியை நிறுத்தினார். நடைக்கும் ஹாலுக்கும் நடுவில் நின்றபடியே எட்டி, ஆணியில் தொங்கிய குடையை எடுத்தார், மழைக்கோட்டை எடுத்தார். காலி நடை. சுவர், கதவு, மிதியடி. கதவின் ஓரத்தில் நீளவாக்கில் பதித்த கையகலக் கண்ணாடி, அதன் வழியே தெரு.

வாசல் நடை: ஒருவர்.

நடையில் இறங்கி நின்றால் எண்ணிக்கை இரண்டாகிறதா என்று பார்த்துவிடலாம். தொழில்காரன் செய்ய வேண்டியது அதுதான். அவர் செய்யவில்லை. கையில் குடையோடு விளிம்பிலேயே நின்றார். மிதியடிப் பக்கமிருந்து மெல்லிசாக ஒரு வாடை வந்தது, சூடுபட்டு இளகும் பிளாஸ்டிக் வாடை. பதினோரு நிமிஷம் கழித்து நடையில் யாருமில்லை என்று போன் சொன்னது. தாழ் விலகியது. வாடையும் போயிற்று.

"வாசல்ல யாருங்க? என் போன்லயும் ஒருத்தர்னு காட்டுச்சே," என்று உள்ளிருந்து கேட்டாள்.

"சென்சார் கோளாறு."

"இவ்வளவு நேரம் நிக்கறாங்க, ஒரு சேரையாவது போட்டிருக்கலாம்ல."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஹப்புக்குள் இருந்த கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்த வீட்டுக்கென்று அவர் எழுதியவை ஒன்பது. பட்டியலில் பதினான்கு இருந்தன. மீதி ஐந்தை எழுதிய அந்நியன் யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. கட்டளைக்குப் பெயர் வைக்கும்போது கடைசியில் புள்ளி வைக்கிற பழக்கம் அந்த வட்டாரத்திலேயே ஒருவருக்குத்தான் உண்டு: வயர்லெஸ்ஸுக்கு.

'நாலு பத்துக்குத் திரை மூடு.' 'மேடம் வாசலருகே வந்தால் பூட்டு.' 'சாரிடம் கேள்.'

பெட்டி முதலில் இருந்த அந்த வீட்டுச் சார் தங்கமான வாடிக்கையாளர். மனைவிக்குத் தலைசுற்றல், வெளியே போனால் எங்காவது விழுந்துவிடுவாள் என்றார். வெயில் தாழ நாலு மணிக்கு மேல் நடக்கப் போவது அந்த அம்மாளுக்குப் பழக்கம். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. வயர்லெஸ் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் கதவை நெருங்கினால் பூட்டிக்கொள்ளும். அவள் போனில் ஒரே ஒரு பொத்தான் இருக்கும்: 'அனுமதி கேள்.' கேட்டால் சாருக்குப் போகும். அனுப்பப்பட்டது, பார்க்கப்பட்டது என்று கீழே காட்டும். கேட்டவர் தவிக்க வேண்டாம் பாருங்கள் என்று அந்த வசதியைப் பெருமையாக விளக்கியவர் வயர்லெஸ்தான். தலைசுற்றுகிறவள் அன்று ஏணியில் நின்ற அவருக்கு ஒரு சொட்டுச் சிந்தாமல் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். தணிந்த குரலில் கேட்டாள்.

"அண்ணா, சார் ஊர்ல இல்லாதப்ப நான் எப்படித் திறக்கறது?"

அவள் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட்டிருந்தால் போதும். ஆனால் காசு கொடுக்கிறவரைத் தவிர வேறு யாருக்கும் திறவுகோல் தராதே என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற வழக்கம்.

"அதெல்லாம் சார்கிட்ட கேட்டுக்கோங்க மேடம். நாங்க மாட்டறதோட சரி," என்று சொல்லிச் சிரித்தார்.

"அவர்கிட்டதான் கேக்கணுமா," என்று சொல்லிவிட்டு அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

நாலு மாதம் கழித்து ஒரு பிற்பகல் அந்த வீட்டுச் சமையலறையில் ஏதோ பற்றியது. பெரிய தீ இல்லை. புகைதான். திரைகள் மூடியிருந்ததால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவளை வாசல் மிதியடிமேல் பிணமாகத்தான் கண்டெடுத்தார்கள். விசாரணையில் பூட்டில் பழுது உண்டா என்று அவரைக் கேட்டார்கள். பூட்டு சரியாகத்தான் வேலை செய்தது என்றார். அது உண்மை. உண்மையைச் சொல்லிவிட்டும் ஒரு மனிதனால் பதினைந்து நாள் தூங்காமல் இருக்க முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெட்டியின் ஞாபகத்தை அழிக்கப் பின்னால் ஊசித்துளை வைத்திருக்கிறார்கள். அவருக்கு அப்படி ஒன்று இல்லை.

இதை அவர் மனைவியிடம் சொன்னதில்லை. அவரை அவள் வெகுளி, வாயாடி, நாளைக்குப் பார்க்கிறேன் பேர்வழி என்று நினைத்திருந்தாள். அதற்கு மேல் கெட்டவர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. சொல்லாதது இன்னொன்றும் இருந்தது. அதைப் பற்றி அவர் தன்னிடமே பேசுவதில்லை.

மூன்றாம் நாள் காலை ஹப்பின் ஒயரைப் பிடுங்கினார். பெட்டியை ஒரு சில்வர் டப்பாவில் போட்டு மூடி, பரணில் வைத்தார். ஐம்பது வயதில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குப் பயந்து பரணேறிய ஆள் நாம்தான் என்று சிரித்துக்கொண்டார். அன்று மாவுக்கட்டு பிரிக்கிற நாள். நாலரைக்கு ஆஸ்பத்திரி. நாலு மணிக்கு டாக்சி வந்து நின்றுவிட்டது. நாலு பத்துக்கு முன்னால் கதவைத் தாண்டிவிட வேண்டும் என்று அவர் பறந்தார். ஒற்றைக் காலுக்குச் செருப்புத் தேடி, இந்தச் செருப்பு வேண்டாம் அதுதான் வேண்டும் என்று அவள் நிதானமாக எட்டு நிமிஷத்தைத் தின்றாள்.

ஒரு கை அவர் தோளில், மறு கையில் ஊன்றுகோல். நடைக்குள் வந்தார்கள். மாவுக்கட்டு தரையில் டொக் டொக்கென்றது.

பின்னால் திரை சரசரத்தது.

ஹால் மஞ்சளானது. கதவு 'ளக்' என்றது.

"ரிப்பேர் பண்ணிட்டேன்னீங்க?" அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பேட்டரில ஓடுது. ஒண்ணு இன்னொண்ணுகிட்டச் சொல்லும். ஹப் இல்லாட்டியும் கொஞ்ச நேரம்…" அவருக்கே அது பிடிக்கவில்லை. கைப்பிடியை அழுத்தினார். அழுந்தியது, எதையும் பிடிக்காமல் சும்மா அழுந்தியது. போனை எடுத்தார். ஹப்பைக் காணவில்லை என்றுதான் அது சொல்லியிருக்க வேண்டும்.

மேடம் வாசலருகே. சாரிடம் கேட்கப்பட்டது.

பார்க்கப்பட்டது.

மறுக்கப்பட்டது.

ஒரு கை அவளைத் தாங்கிக்கொண்டிருந்ததால், ஸ்பீக்கரில் போட்டுத்தான் அந்தச் சாரைக் கூப்பிட வேண்டியிருந்தது. முதல் மணியிலேயே எடுத்தார். காத்திருந்தவர்போல.

"சார், உங்களுக்கு ஒரு ரிக்வெஸ்ட் வந்திருக்கும். தப்பா வருது. திறன்னு அழுத்துங்க சார், என் வீடு இது."

"தினம் நாலு பத்துக்கு வருதுப்பா," என்றார் சார். களைத்த, மரியாதையான குரல். "ஒரு வருஷமா. நீ கழட்டி எடுத்துட்டுப் போன மறுநாள்லேர்ந்து."

பெட்டி அப்போது பையில் கிடந்தது. மின்சாரமே இல்லாமல்.

"நான் தினம் வேண்டாம்னு அழுத்தறேன். திறந்தா வெளில வந்துடுவா."

"சார், இது என் வீட்டுக்காரி. கால்ல கட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இன்னிக்கு ரெண்டு வந்திருக்கு. ரெண்டுலயும் மேடம்னுதான் இருக்கு. உன்னுது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? என்னால முடியலப்பா. அதுல உன் பேரும் இருக்கில்ல, நீயே பார்த்துக்கோ. அன்னிக்கும் உனக்குத்தானே வந்துச்சு."

வைத்துவிட்டார்.

அவள் சிரிப்பு போயிருந்தது. "என்னிக்கு?"

அவர் கைப்பிடியை மறுபடி அழுத்தினார்.

"அந்தப் பொண்ணு உங்களைக் கேட்டாளா?"

எந்தப் பொண்ணு என்று அவர் கேட்டிருக்கலாம். ஒரு பெண் இருந்தாள் என்றே அவர் வீட்டில் சொன்னதில்லை. ஆனால் அவள் முகம் அவர் பக்கம் இல்லை. காதோடு யாரோ சொல்வதைக் கேட்கிறவள்போல, ஊன்றுகோல் பக்கம் சாய்ந்திருந்தது.

போன் அதிர்ந்தது.

மறுபடி கேட்கப்பட்டது. சாரிடமிருந்து பதில் இல்லை. மாட்டியவரிடம் கேட்கப்படுகிறது. மேடம் வாசலருகே. திற. வேண்டாம்.

மாட்டுகிற வீட்டிலெல்லாம் தன் பெயரையும் கடைசியில் சேர்த்து வைப்பதும் தொழில் வழக்கம்தான். பின்னால் பழுது வந்தால் உதவும். அன்றும் இதே எழுத்துகள்தான் வந்தன. சாப்பாட்டு நேரம் தவறிப்போய், நாலு மணிக்கு ஒரு கடையில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். எடுத்துப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கெதற்கு என்று நினைத்தார். விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டார். முழுசாகச் சாப்பிட்டார். அங்கே புகைக்குள் அவள் கையிலிருந்த திரையில் என்ன வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த வசதியை வைத்தவரே அவர்தானே.

பார்க்கப்பட்டது.

திற என்பதை அழுத்தினார். கட்டைவிரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினார்.

தாழ் விலகியது. வெளிச்சமும் தெருச் சத்தமும் உள்ளே கொட்டின. அவர் பெருமூச்சு விட்டு, "வாம்மா," என்று அவளைத் தாங்கப் போனார். தோளில் இருந்த அவள் கை எடுக்கப்பட்டது. ஊன்றுகோல் சுவரில் சாய்ந்து நின்றது. அவள் விழவில்லை. அவருக்கு மறுபக்கமாகச் சாய்ந்து, தோள் உயரத்தில் இல்லாத எதையோ பற்றிக்கொண்டு, நல்ல காலையும் கட்டுக் காலையும் மாற்றி மாற்றி வைத்துப் படி இறங்கினாள். டொக். டொக். நடுவில், செருப்பில்லாத பாதங்கள் மெத்தென்று படும் சத்தம்.

திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் கால் எழும்பியபோது கதவு மூடியிருந்தது. தாழ் உட்கார்ந்தது.

வாசல் நடை: ஒருவர்.

இளகும் பிளாஸ்டிக் வாடை. இப்போது மிதியடிப் பக்கமில்லை. பின்னால், சமையலறையிலிருந்து. மஞ்சள் வெளிச்சத்தில் ஏதோ மெல்லிசாக மிதந்தது. இருமினார். போனில் திறவும் இல்லை, வேண்டாமும் இல்லை. ஒரே ஒரு பொத்தான் இருந்தது. அனுமதி கேள்.

அழுத்தினார்.

மேடமிடம் கேட்கப்பட்டது.

நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். டாக்சிக்காரர் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். பிறகு, கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி, அந்த ஓரம்வரை தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். டாக்சிக்காரர் என்னவென்று தெரியாமலே கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடி காத்து நின்றுவிட்டுச் சாத்தினார்.

அவர் கதவைத் தட்டினார். உள்ளங்கையால். இரண்டு கையாலும்.

டாக்சிக்குள் அவள் தலை குனிந்தது. மடியிலிருந்து எழுந்த சின்ன வெளிச்சம் அவள் முகத்தில் பட்டது. பக்கத்துக் காலி இருக்கைக்கு மேலேயும் பட்டு, அங்கே ஏதோ ஒன்றின்மேல் நின்றது.

அவர் போன் கையில் அதிர்ந்தது.

பார்க்கப்பட்டது.